ஓசிஐ கார்டு இருக்கும்போது இன்னொரு ஃபாரம் எதற்கு? இந்தியா வருவோருக்கான இ-அரைவல் கார்டு வழிகாட்டி

வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ கார்டு கையில் இருந்தால், இந்தியாவுக்குள் நுழைய வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் வெளிநாட்டுத் தமிழர்கள் பலரும் இருந்துவிடுகிறோம். விசாவைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் 2025 அக்டோபர் 1 முதல் சின்னதாக ஒரு வேலை கூடியிருக்கிறது. வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் இந்தியாவுக்கு வருகிறவர்கள், ஓசிஐ வைத்திருப்பவர்கள் உட்பட, வந்து இறங்குவதற்கு முன்பே ‘இ-அரைவல் கார்டு’ என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும்.

பழைய ஆட்களுக்கு இது புதிதல்ல. விமானம் இறங்கப் போகிற நேரத்தில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். பக்கத்து சீட்காரரிடம் பேனா கடன் வாங்கி, மடியில் வைத்து, கோணல்மாணலாக எழுதுவோம். அந்தச் சீட்டுதான் இப்போது கைபேசிக்கு வந்திருக்கிறது. கட்டணம் கிடையாது. எந்த ஆவணத்தையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியதில்லை. விவரங்கள் கையில் இருந்தால் ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் போதும்.

சிக்கல் வருவது படிவத்தில் அல்ல, அதில் நாம் போடும் விவரத்தில். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஓசிஐயில் இன்னொரு பெயர், டிக்கெட்டில் மூன்றாவதாக ஒன்று என்று நம் ஆட்களின் காகிதங்கள் இருக்கும் லட்சணம் தெரிந்ததுதானே. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைப் படிவமே சொல்லிவிடும். அதனால் அதை விட்டுவிட்டு, எதைச் சரிபார்த்துவிட்டு அழுத்த வேண்டும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் யார் யாருக்கு வேண்டும்?

கணக்கு எளிது. கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதை மட்டும் பாருங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் வேண்டாம். வேறெந்த நாட்டு பாஸ்போர்ட் என்றாலும் வேண்டும்.

ஓசிஐ என்பதை விரித்தால் ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்’ என்று வரும். பெயரில் குடிமகன் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது குடியுரிமை இல்லை. இந்திய அரசியலமைப்பு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் 2005-இல் செய்த திருத்தத்தின் மூலம் வந்த ஏற்பாடு இது: ஆயுள் முழுக்க வந்துபோக விசா, எத்தனை நாள் தங்கினாலும் காவல்துறையிலோ, வெளிநாட்டவரைப் பதியும் எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகத்திலோ பதிய வேண்டாம் என்ற சலுகை, இன்னும் சில வசதிகள். ஓட்டுரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஓசிஐ இருக்கிறது. இமிகிரேஷன் கவுண்டரில் அத்தனை பேரும் வெளிநாட்டவரே. ‘எங்களுக்கும் ஏன் இந்த ஃபாரம்’ என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

நம் குடும்பங்களில் ஒரே வீட்டில் மூன்று விதமான காகிதம் இருப்பது சாதாரணம். அமெரிக்காவில் அப்பா கிரீன் கார்டில் இருக்கிறார், பாஸ்போர்ட் இந்தியாவுடையது; அவருக்கு வேண்டாம். அம்மா குடியுரிமை வாங்கி ஓசிஐ எடுத்துவிட்டார், அவருக்கு வேண்டும். அங்கேயே பிறந்த பிள்ளைகளிடம் இருப்பது அமெரிக்க பாஸ்போர்ட். கைக்குழந்தையானாலும் அதன் விவரமும் போக வேண்டும். பேரனைப் பார்க்கப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பும் பாட்டியிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட், அவருக்குத் தேவையில்லை. ‘என்ஆர்ஐ’ என்ற சொல்லை எல்லோருக்கும் போட்டுப் பழகியதால்தான் இந்தக் குழப்பம். என்ஆர்ஐ என்பவர் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகன். அவருக்கும் இந்தப் படிவத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஈழத்துப் பின்னணி கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. தாய்வழியிலோ தந்தைவழியிலோ இந்தியக் குடியுரிமைத் தொடர்பைக் காட்ட முடியாவிட்டால் பெரும்பாலும் ஓசிஐ கிடைக்காது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்டில் திருச்செந்தூருக்கோ வேளாங்கண்ணிக்கோ வருகிறவர்கள் பெரும்பாலும் விசா எடுத்துத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு விசாவும் வேண்டும், இ-அரைவல் கார்டும் வேண்டும். இரண்டும் வேறு வேறு. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று ஆகாது. விசாவுக்கு விண்ணப்பித்தபோதே எல்லா விவரமும் கொடுத்தாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள்.

தளத்தைத் திறப்பதற்கு முன்

பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பாஸ்போர்ட்டையும் ஓசிஐயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கடைசி மூன்று நாளில் பார்த்தால், தவறு கண்ணில் பட்டாலும் திருத்த நேரம் இருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட் எண். ஓசிஐயில் அச்சாகியிருப்பது நீங்கள் அதை வாங்கிய காலத்துப் பழைய பாஸ்போர்ட்டின் எண்ணாக இருக்கலாம். அதனால் மட்டும் ஓசிஐ செல்லாமல் போய்விடாது. 2021-இல் விதிகளை எளிதாக்கிவிட்டார்கள். பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்ற கட்டாயம் அப்போதே போய்விட்டது. இ-அரைவல் கார்டில் போட வேண்டியது இப்போது எந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டி விமானம் ஏறுகிறீர்களோ அதன் எண்ணை மட்டுமே. ஓசிஐயைப் பார்த்துப் பழைய எண்ணைத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. இந்தப் படிவத்தில் நடக்கக்கூடிய தவறுகளில் மிக மோசமானது அதுதான்.

அடுத்தது வயது. 20 வயதுக்கு முன்னால் ஓசிஐ வாங்கியவர்கள், 20 நிறைந்த பிறகு எடுக்கும் புதிய பாஸ்போர்ட்டை வைத்து ஒரே ஒரு முறை ஓசிஐயைப் புதுப்பித்து வாங்க வேண்டும். 20 வயதுக்கு மேல் வாங்கியிருந்தால் புதுப்பிக்கும் வேலையே இல்லை. ஆனால் 20 வயது வரை ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் மாறும்போதும், 50 வயது நிறைந்த பிறகு ஒரு முறையும், புதிய பாஸ்போர்ட்டின் நகலையும் அண்மைப் படத்தையும் ஓசிஐ தளத்தில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட் கிடைத்த மூன்று மாதத்துக்குள் செய்யச் சொல்கிறார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. பிள்ளைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் ஐந்து ஆண்டுதான் செல்லும் என்பதால், சிறுவர்கள் உள்ள வீடுகளில் இதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது. இ-அரைவல் கார்டு நிரப்பும் சாக்கிலாவது இதைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது பெயர். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏறியிருக்கும், ஓசிஐயில் அப்பா பெயரே இருக்கும். இது படிவத்தால் தீராது. பெயர் மாறியிருந்தால் ஓசிஐயிலும் மாற்றி வாங்குவதுதான் முறை. அதற்கு நேரமில்லை என்றால் திருமணச் சான்றிதழின் நகலையாவது கைப்பையில் வையுங்கள்.

இவற்றோடு விமான டிக்கெட்டும் ஊரில் தங்கப்போகும் வீட்டின் முகவரியும் அங்கே ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தால் உட்காரலாம்.

எந்தத் தளம்?

வழி மூன்று. இந்திய விசா தளமான ‘இந்தியன்விசாஆன்லைன் டாட் ஜிஓவி டாட் இன்’, இமிகிரேஷன் துறையின் ‘பிஓஐ டாட் ஜிஓவி டாட் இன்’, அல்லது ‘சு-ஸ்வாகதம்’ என்ற அரசுச் செயலி. எதில் நிரப்பினாலும் ஒன்றுதான். கைபேசியைவிட மடிக்கணினியில் நிரப்புவது எனக்குப் பிடிக்கும். சின்னத் திரையில் தேதியைத் தேர்வு செய்யும்போது விரல் வழுக்கி பக்கத்து நாளில் விழுந்துவிடும்.

கூகுளில் தேடிப் போகாதீர்கள். தேடலின் மேலே வரும் விளம்பரங்களில், இதே படிவத்தை நிரப்பித் தருகிறோம் என்று சொல்லிக் காசு வாங்கும் தனியார் தளங்கள் கலந்திருக்கும். அசோகச் சக்கரம், மூவர்ணம் எல்லாம் போட்டு அரசுத் தளம் மாதிரியே வைத்திருப்பார்கள். இரண்டே சோதனை போதும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா? கிரெடிட் கார்டு எண் கேட்கிறார்களா? கேட்டால் மூடிவிடுங்கள். காசு போவதைக்கூட விடுங்கள், குடும்பத்தின் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, ஊர் முகவரி அத்தனையும் யாரோ ஒருவரிடம் போய்ச் சேர்கிறது.

எப்போது நிரப்புவது?

வந்து இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள். இதே மாதிரி வருகைப் படிவங்களான சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டையும் மலேசியாவின் எம்டிஏசியையும் நிரப்பியவர்களுக்கு இந்த மூன்று நாள் கணக்கு பழக்கமாகியிருக்கும். டிக்கெட் போட்ட அன்றே முடித்துவிடலாம் என்று நினைக்கும் சுறுசுறுப்பான ஆட்களுக்கு இங்கே வேலையில்லை.

இந்த 72 மணி நேரத்தைப் புறப்படும் நேரத்திலிருந்து எண்ணக்கூடாது. இந்தியாவில் இறங்கும் நேரத்திலிருந்து, அதுவும் இந்திய நேரப்படி, பின்னோக்கி எண்ண வேண்டும். ஓர் உதாரணம்: ஜனவரி 14 அதிகாலை 1 மணிக்குச் சென்னையில் இறங்குகிறீர்கள். 72 மணி நேரம் முன்பு என்றால் இந்திய நேரப்படி ஜனவரி 11 அதிகாலை 1 மணி. டொரொன்டோவில் அப்போது ஜனவரி 10 பிற்பகல் 2.30. லண்டனில் ஜனவரி 10 இரவு 7.30. சிங்கப்பூரில் ஜனவரி 11 விடியற்காலை 3.30. டொரொன்டோக்காரர் வழியிலேயே ஒரு நாளைக் கழித்துவிடுவதால், புறப்படுவதற்கு முன் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு நாள்தான். பெட்டி கட்டி, எடை பார்த்து, அதிகமானதை எடுத்து வெளியே வைக்கும் அதே இரண்டு நாள். பெட்டியைப் பூட்டுவதற்கு முதல் நாள் இரவை இதற்கென்று ஒதுக்குங்கள்.

இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்திய விமான நிலையங்களின் இலவச வைஃபை பெரும்பாலும் கைபேசிக்கு ஓடிபி அனுப்பித்தான் திறக்கும். வெளிநாட்டு எண்ணுக்கு அந்த ஓடிபி வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தூங்கி வழியும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த அதிர்ஷ்டத்தைச் சோதிக்க வேண்டாம். புறப்படும் ஊரில் மறந்துவிட்டால், மாற்று விமானத்துக்குக் காத்திருக்கும் துபாயிலோ தோஹாவிலோ நிரப்பலாம். அது கடைசிக் கட்டத்துக்கான வழி.

நிரப்பும்போது இடறும் இடங்கள்

*பெயர்.* தமிழ்ப் பெயர்களுக்கும் அரசுப் படிவங்களுக்கும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. குடும்பப் பெயர் என்று கேட்டால் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் இனிஷியலைப் போடுவார், மூன்றாமவர் காலியாக விடுவார். யோசிக்கவே வேண்டாத வழி ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில், அம்புக்குறி மாதிரி அடையாளங்களோடு இரண்டு வரி இருக்கும். ஒவ்வொன்றிலும் 44 எழுத்து. இமிகிரேஷன் அதிகாரியின் கருவி படிப்பது அதைத்தான். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்து வருவது குடும்பப் பெயர். இரண்டு அம்புக்குறிக்குப் பின் வருவது உங்கள் பெயர். அங்கே எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே படிவத்திலும் பிரித்துப் போடுங்கள்.

இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்க மலேசிய பாஸ்போர்ட்டில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்றும் சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்றும் பெயருக்கு நடுவே சாய்கோடு வரும். இணையப் படிவங்கள் பலவும் பெயரில் சாய்கோட்டை ஏற்பதில்லை. அந்த அடி வரிகளில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் அம்புக்குறியும் தவிர வேறு எதுவும் இருக்காது என்பதால், இங்கேயும் அதைப் பார்த்துப் போடுவதே வழி. சாய்கோடு இல்லை என்பதற்காக யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அப்பா பெயரே விட்டுப்போனால்தான் கேள்வி வரும்.

*பாஸ்போர்ட் எண்.* பூஜ்யமா, ‘ஓ’ எழுத்தா என்ற சந்தேகம் பலருக்கு வரும். இரண்டாவது அடி வரியின் தொடக்கத்தில் அதே எண் வேறொரு எழுத்துருவில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் புரிந்துவிடும்.

*தேதி.* அமெரிக்காவில் இருப்பவர்கள் மாதத்தை முன்னால் போட்டுப் பழகியவர்கள். இங்கே நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. மார்ச் 4-ஐ ஏப்ரல் 3 ஆக்கிவிடாதீர்கள். இன்னொன்று, நள்ளிரவு விமானங்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் வெளிநாட்டு விமானங்கள் பல நடுநிசியை ஒட்டியே வந்து இறங்கும். சிங்கப்பூரில் 14-ஆம் தேதி இரவு ஏறி, 15-ஆம் தேதி 12.20-க்கு இறங்கினால் வருகைத் தேதி 15. அழைத்துப்போக வரும் மாமாவிடமும் அதே தேதியைச் சொல்லுங்கள்.

*விமான எண்ணும் இறங்கும் இடமும்.* அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். இந்திய மண்ணில் முதலில் எங்கே கால் வைக்கிறீர்களோ அங்கேதான் இமிகிரேஷன். நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்து, அங்கே உள்நாட்டு விமானம் பிடித்துச் சென்னைக்கு வருகிறீர்கள் என்றால், வருகை இடம் டெல்லி. விமான எண் டெல்லியில் இறங்கும் விமானத்தினுடையது. டிக்கெட்டில் கடைசி ஊர் சென்னை என்று போட்டிருக்கிறதே என்று சென்னையைப் போட்டால் தவறு. லண்டனிலிருந்து தோஹா வழியாகச் சென்னை என்றால், தோஹாவிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்தின் எண்தான் வேண்டும். லண்டனில் ஏறிய விமானத்தினுடையது அல்ல. கொழும்பு வழியாக மதுரை வருகிறவர்களுக்கு வருகை இடம் மதுரை. ஒரே விமானத்துக்கு இரண்டு நிறுவனங்களின் எண் இருந்தால் போர்டிங் பாஸில் அச்சாகியிருக்கும் எண்ணைப் போடுங்கள்.

*வருகையின் காரணம்.* உறவினரைப் பார்க்கவா, சுற்றிப் பார்க்கவா, வேலையாகவா என்பதைப் போல ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்வார்கள். பெரும்பாலோருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் காரணத்துக்கும் ஓசிஐ போதும் என்று எண்ணிவிடக்கூடாது. ஆராய்ச்சி, பத்திரிகைப் பணி, மதப் பரப்புரை, மலையேற்றம், தடைசெய்யப்பட்ட பகுதிகளுக்குச் செல்வது ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று 2021 மார்ச் 4 அறிவிக்கை சொல்கிறது. ஊர்ச் சபையில் நற்செய்திக் கூட்டம் நடத்த அழைத்திருக்கிறார்கள் என்று கிளம்பும் போதகரும், ஆய்வேட்டுக்காகக் களப்பணிக்கு வரும் மாணவியும் இதைக் கவனிக்க வேண்டும். ‘சுற்றுலா’ என்று போட்டுவிட்டு வந்து அந்த வேலையைச் செய்வது பின்னால் ஓசிஐக்கே ஆபத்தாக முடியலாம்.

*இந்திய முகவரி.* முதல் இரவு தங்கும் இடத்தின் முகவரியைக் கொடுங்கள். நாலு ஊர் சுற்றினாலும் ஒன்று போதும். கிராமத்து வீட்டுக்குக் கதவு எண் இல்லையே என்று தயங்க வேண்டாம். தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம், ஆறு இலக்கப் பின்கோடு, இவை இருந்தால் சரி. தமிழ்நாட்டுப் பின்கோடு எல்லாம் 6-இல் தொடங்கும். வேறு எண்ணில் தொடங்கினால் எங்கோ தவறு. சென்னை வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். சாய்கோடு போட்டு எழுதியதைப் படிவம் ஏற்கவில்லை என்றால் புதிய எண்ணை மட்டும் போடுங்கள். முகவரியை வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்பச் சொல்லி, அதை நீங்களே ஆங்கிலத்தில் எழுதினால் ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டல் ஏதாவது ஒன்றாகும். ஊரில் இருப்பவரின் ஆதார் அட்டையில் ஆங்கிலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறது என்று கேட்டு அதையே போடுவது நல்லது. தொலைபேசிக்கு, ஊரில் உங்களை எதிர்பார்த்திருப்பவரின் பத்து இலக்கக் கைபேசி எண். உங்கள் பெயர் சொன்னால் தெரிந்துகொள்ளக்கூடிய ஒருவராக இருக்கட்டும்.

*கடந்த ஆறு நாளில் சென்ற நாடுகள்.* இதைச் சும்மா கேட்கவில்லை. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளிலிருந்து வருகிறவர்கள் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது இந்தியாவின் பழைய விதி. அந்தக் கொசு இங்கேயும் உண்டு, நோய் இல்லை. வந்துவிடக்கூடாது என்று கறாராக இருக்கிறார்கள். நைஜீரியா, கானா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் மஞ்சள் நிறச் சான்றிதழ்ப் புத்தகத்தை மறக்கவே கூடாது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். சான்றிதழ் இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலில் வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஓசிஐ இதிலிருந்து காப்பாற்றாது. அமெரிக்காவிலிருந்தே வந்தாலும், வழியில் கென்யாவில் நாலு நாள் சஃபாரி பார்த்துவிட்டு வந்தால் இந்த விதி உங்களுக்கும் பொருந்தும். மற்றவர்கள் வசிக்கும் நாட்டையும், வழியில் வெளியே போய்த் தங்கிய நாடு இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு, அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து வாசிக்க, நீங்கள் திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். நாலு பேர் கொண்ட குடும்பத்தில் அண்ணனின் எண் தங்கைக்குப் போய்விடுவது எளிது.

நிரப்பி முடித்த பிறகு

க்யூஆர் கோடோடு ஓர் அட்டை வரும். மின்னஞ்சலிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். கைபேசியில் படமாகச் சேமியுங்கள். இணையம் இல்லாமலும் திறக்க வேண்டும். வயதானவர்கள் தனியாக வந்தால் தாளில் அச்செடுத்து பாஸ்போர்ட்டுக்குள் செருகிக் கொடுங்கள். சார்ஜ் தீர்ந்த கைபேசியை வைத்துக்கொண்டு கவுண்டரில் நிற்கும் பெரியவருக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி.

கவுண்டரில் காட்ட வேண்டியவை மூன்று: வெளிநாட்டு பாஸ்போர்ட், அசல் ஓசிஐ, இ-அரைவல் கார்டு. ஓசிஐயின் நகலோ கைபேசிப் படமோ அசலுக்கு ஈடாகாது. விமானம் ஏறும் ஊரிலேயே செக்-இன் கவுண்டரில் ஓசிஐயைக் கேட்பார்கள் என்பதால் அதைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். இந்திய வம்சாவளியினருக்கு முன்பு கொடுத்த பழைய பிஐஓ கார்டை இன்னும் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், பயணத்தைத் திட்டமிடுவதற்கு முன் அதை ஓசிஐயாக மாற்றுவதுதான் முதல் வேலை. பிஐஓ திட்டம் 2015 ஜனவரியிலேயே ஓசிஐயோடு இணைக்கப்பட்டுவிட்டது.

அடிக்கடி வந்துபோகிறவர்கள் எஃப்டிஐ-டிடிபி என்ற வேகக் குடிவரவுத் திட்டத்தையும் பாருங்கள். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் சென்னைக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் வந்துவிட்டது. இந்தியக் குடிமக்களுக்கும் ஓசிஐ வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமான வசதி இது. மற்ற வெளிநாட்டவருக்கு இல்லை. இணையத்தில் பதிந்து, கைரேகையும் முகப்படமும் கொடுத்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். கட்டணம் இல்லை, அதிகபட்சம் ஐந்து ஆண்டு செல்லும். நள்ளிரவில் மூன்று விமானம் ஒன்றாக வந்திறங்கும்போது அந்த வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இதில் பதிந்தவர்களும் இ-அரைவல் கார்டை நிரப்பி வைத்துக்கொள்வதே நல்லது.

இது எதற்கெல்லாம் ஆகாது

இ-அரைவல் கார்டு இமிகிரேஷனுக்கு மட்டும்தான். பெட்டி எடுத்துக்கொண்டு வெளியே வரும் வழியில் நிற்கும் சுங்கத்துறை வேறு. வரி கட்ட வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழி, இல்லாவிட்டால் பச்சை வழி. ரொக்கமாக 5,000 அமெரிக்க டாலருக்கு மேல் வெளிநாட்டுப் பணம் வைத்திருந்தாலோ, பயணிகள் காசோலையும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இதை முன்கூட்டியே செய்ய ‘அதிதி’ என்ற செயலி இருக்கிறது. கழுத்து நிறைய நகையோடு கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கவலைப்பட வேண்டியது இந்த மேசையைப் பற்றித்தான்.

கொரோனா காலத்தில் நிரப்பிய ஏர் சுவிதாவோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சுகாதாரப் படிவம். 2022 நவம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்போது செய்த பதிவை வைத்து இதில் நுழைய முடியாது.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு ஓட்டலில் தங்கினால், வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டையும் ஓசிஐயையும் வாங்கி நகல் எடுப்பார்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கும் தகவலை அரசுக்குத் தெரிவிப்பது ஓட்டலின் கடமை. இ-அரைவல் கார்டில் முகவரி கொடுத்தாயிற்றே என்று அவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

ஒரு முறை நிரப்பியது ஒரு வருகைக்கு மட்டும் செல்லும். விடுமுறைக்கு நடுவில் ஐந்து நாள் இலங்கைக்கோ மாலத்தீவுக்கோ போய்விட்டுத் திரும்பினால், திரும்பும் விமானத்துக்குப் புதிதாக ஒன்று நிரப்ப வேண்டும். கொழும்பில் ஓட்டலை விட்டுக் கிளம்புவதற்கு முன், வைஃபை கிடைக்கும்போதே முடித்துவிடுங்கள். அந்த முறை கடந்த ஆறு நாள் பட்டியலில் இலங்கையும் வரும்.